மூடிய குழி

வீடு கட்டும் உத்தேசத்துடன் எங்கள் ஊரில் ஒரு மனையை வாங்கி, கிரயப் பத்திரத்தையும் பட்டாவையும் முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றையும் வக்கீல் ஒருவரிடம் காட்டி, யாதொரு குறையும் இல்லை என்று அவர் வாயால் கேட்டுக்கொண்ட பெருமிதத்தோடு, கட்டடப் பொறுப்பை ஏற்க இசைந்த மேஸ்திரியை அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் காகிதம் எதையும் கேட்கவில்லை. மனையின் நடுவில் ஒன்றும் ஈசானிய மூலையில் ஒன்றுமாக இரண்டு இடங்களில், முழ நீளமும் முழ அகலமும் முழ ஆழமும் உள்ள குழிகளை வெட்டச் சொல்லி, வெட்டிய மண்ணை ஒரு பிடியும் சிந்தாமல் சாக்கின்மேல் குவிக்கச் செய்து, பின்னர் அந்தந்த மண்ணை அந்தந்தக் குழியிலேயே தள்ளிக் காலால் மிதித்து மூடச் சொன்னார். நடுக்குழி நிறைந்து தரைமட்டம் ஆன பிறகும் சாக்கின்மேல் ஒரு பாண்டு மண் மிச்சம் இருந்தது. ஈசானியக் குழியிலோ, சாக்கை உதறிப் போட்ட பின்னும் மூன்று விரற்கடைப் பள்ளம் நின்றது. மேஸ்திரி கடப்பாரையை வாங்கி நடுவில் இரண்டு குத்து, மூலையில் இரண்டு குத்துக் குத்திவிட்டு, “சத்தத்தைக் கேட்டீங்களா ஐயா? அது பொறந்த மண்ணு. இது கொட்டின மண்ணு. கீழே என்னமோ இருந்திருக்கு” என்றார்.

என் பெரியம்மாவை விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. அவர் சிறுமியாக இருந்தபோது அந்த மூலையில் ஓர் உறைகிணறு இருந்ததாம். நீர் உவர்த்துப் போகவே அதைத் தூர்த்துவிட்டார்களாம். பதிவு அலுவலகம் அறியாத அந்த வில்லங்கத்தை மண் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தன்னிடம் பதிந்து வைத்திருந்தது.

மேஸ்திரி செய்தது அவராகக் கற்பித்துக்கொண்ட சோதனை அன்று. கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராஹமிஹிரர் தம்முடைய பிருஹத் ஸம்ஹிதையில் வாஸ்து வித்தையைக் கூறும் அத்தியாயத்தில் இதே பரீட்சையை விதித்திருக்கிறார். முழ அளவுக் குழியை வெட்டி அம்மண்ணாலேயே நிரப்பும்போது மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், சரியாக அடங்கினால் மத்திமம், குறைந்தால் ஆகாது. குழியில் நீரை நிரப்பிவிட்டு, நூறு அடி நடந்துபோய்த் திரும்பி வந்து பார்க்கும்போது நீர் குறையாதிருந்தால் நன்று என்பது அவர் கூறும் இன்னொரு சோதனை.

சாஸ்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் ஒரு சாரார் கைகூப்புவதும் மற்றொரு சாரார் முகம் சுளிப்பதும் வழக்கமாகிவிட்டபடியால், இதில் அடங்கியுள்ள பௌதிகத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நலம். மண் என்பது மணிகளும், மணிகளுக்கு இடையேயுள்ள வெற்றிடமும் சேர்ந்த பொருள். நெடுங்கால மழையும் வெயிலும் மேல்மண்ணின் பாரமும் அழுத்தி அழுத்தி, சிறு மணிகள் பெருமணிகளின் சந்துகளில் புகுந்து அமர்ந்து, களி அவற்றைப் பிசின்போலப் பற்றிக்கொண்டு, இயற்கையாகக் கிடக்கும் கெட்டி நிலத்தில் அவ்வெற்றிடம் மிகவும் குறுகிவிடுகிறது. மண்வெட்டி அந்தக் கட்டுக்கோப்பைக் கலைத்துக் கட்டி கட்டியாகப் பெயர்க்கும்போது கட்டிகளுக்கு நடுவே புதிய வெற்றிடம் நுழைகிறது. சாதாரண மண் ஏறக்குறையக் கால்பங்கு பெருத்துவிடும்; வெடிவைத்து உடைத்த பாறை அதனினும் மிகுதியாக, பாதிப்பங்கு வரையிலும் பெருக்கும். காலால் எவ்வளவு மிதித்தாலும் பழைய நெருக்கம் திரும்புவதில்லை; ஆகவே மண் மிஞ்சுகிறது. முன்பே ஒருமுறை வெட்டிக் கொட்டப்பட்ட மண்ணோ தளர்ந்து கிடப்பது. அதை மிதித்து நிரப்பினால் இருந்ததைக் காட்டிலும் நெருங்கிக் குறைகிறது. தளர்ந்த மண்ணில் நீரும் விரைவாக இறங்கும் என்பதே நூறடி நடையின் தாத்பரியம். இயற்கையாகவே நெகிழ்ந்த மணற்பாங்கான நிலமும் இச்சோதனையில் குறையக்கூடும் என்பது உண்மை; அதனால்தான் மேஸ்திரி குழியோடு நிற்காமல் கடப்பாரையின் அபிப்பிராயத்தையும் கேட்டார் போலும்.

ஏரியிலும் கால்வாயிலும் மண் வெட்டுகிறவர்களுக்கு இந்தப் பெருக்கம் நன்றாகத் தெரியும். அவர்களுக்குக் கூலி கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். வண்டியில் ஏற்றிய மண்ணை அளந்தால் கணக்கு ஏறும், கரையில் போட்டு அமுங்கிய மண்ணை அளந்தால் இறங்கும். ஆகையால் வெட்டிய பள்ளத்தையே அளப்பது முறை. ஆனால் மேடும் தாழ்வுமான தரையில் வெட்டி முடித்த பின்பு முன்பிருந்த மட்டம் எது என்பதற்கு யார் சாட்சி? இதற்காகவே, பள்ளத்தின் இடையிடையே, தலையில் பழைய புல் அப்படியே நிற்க, சிறு சிறு மண்திட்டுகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அளவு எடுத்து முடியும்வரை அவற்றைத் தொடக்கூடாது. இரவோடு இரவாகப் புல்லைப் பத்தையாகப் பெயர்த்து, அடியில் அரையடி மண் வைத்து, மறுபடியும் புல்லை வைத்துத் திட்டை வளர்த்துவிடும் சாமர்த்தியசாலிகளும் இருப்பதால், அனுபவமுள்ள மேற்பார்வையாளர் நாடாவை விரிப்பதற்கு முன் திட்டின் விலாவை விரலால் நெருடிப் பார்ப்பார். வைத்த மண் உதிரும். பிறந்த மண் உதிராது.

அகழ்வாராய்ச்சி என்ற பெரிய பெயருக்குரிய காரியத்திலும் பாதி இந்த விரல் நெருடல்தான்.

என் மனையில் வானம் தோண்டியபோது (பூமிக்குள் இறங்கும் பள்ளத்துக்கு நம் கொத்தனார்கள் வானம் என்று பெயர் வைத்திருப்பதை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு) மூன்றடி ஆழத்தில், செம்மண்ணின் நடுவே, பிறை வடிவில் ஒரு சாம்பல் நிறத் திட்டுத் தெரிந்தது. தூர்த்த கிணற்றின் விளிம்பு அது. சிவப்புக்கும் சாம்பலுக்கும் இடையேயான கோடு, சுண்ணாம்பால் கீறியதுபோல் அவ்வளவு துல்லியமாக இருந்தது. உள்ளிருந்து உடைந்த உறை வில்லைகளும், ஓட்டாஞ்சல்லியும், கருகிய தென்னம் பாளையும், ஓர் ஓட்டைக் காலணாவும் வந்தன. அந்த ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை மட்டுமே அச்சிடப்பட்ட நாணயம். அது கிணற்றின் அடைமண்ணுக்குள் கிடந்தபடியால், கிணறு தூர்ந்தது 1943-க்கு முன்பாக இருக்க முடியாது. எவ்வளவு பின்பு என்பதைக் காசு சொல்லாது. அதற்குப் பெரியம்மாதான் வேண்டும். இவ்வளவே தர்க்கம். இதைத்தான் தொல்பொருள் நிபுணர்கள் பெரும் மேடுகளில் பொறுமையோடு செய்கிறார்கள். அவர்களுக்குப் பெரியம்மா இல்லை என்பதே வித்தியாசம்.

மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது என்னும் விதியை 1669-ஆம் ஆண்டிலேயே ஸ்டெனோ என்ற டென்மார்க் தேசத்து அறிஞர் பாறை அடுக்குகளை நோக்கி வகுத்துவிட்டார். மனிதன் வாழ்ந்த இடத்தில் அவ்விதி அடிக்கடி பொய்த்துப்போவதாகத் தோன்றுவதற்குக் காரணம், மனிதன் ஓயாமல் குழி தோண்டும் பிராணியாக இருப்பதுதான். குப்பைக் குழி, தானியக் குழி, பிணக்குழி, கிணறு, கம்பம் நட்ட குழி என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் காலடியிலிருந்து முன்னோர் காலத்துக்குள் துளையிட்டுவிடுகிறது. பிற்காலக் காசு பழைய அடுக்கின் ஆழத்துக்கு இறங்குகிறது. பழைய ஓடு வெட்டின மண்ணோடு மேலேறி வந்து புதிய வீட்டின் முற்றத்தில் கிடக்கிறது. ஆழத்தை மட்டும் அளந்து எழுதுகிறவன் இங்கே ஏமாறுவான். குழியின் விளிம்பைக் கண்டு, அது எந்தத் தரையிலிருந்து வெட்டப்பட்டது என்று நிச்சயித்து, அடைமண்ணைத் தனியே அள்ளி வைத்த பிறகே சுற்றியுள்ள அடுக்கைத் தொட வேண்டும்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில், அப்போது இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்தபோது, இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துப் பாணியில் வனைந்த சிவப்பு மெருகுப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்ததையும், அவற்றைக் கொண்டு தென்னிந்தியச் சரித்திரத்துக்கு ஒரு காலக்கோடு கிடைத்ததையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். என்னை அதனினும் கவர்ந்தது, அங்கே இல்லாத சுவர்களை அவர் கண்ட விதம். செங்கல் அரிதான கடலோரம்; கைவிடப்பட்ட பழைய கட்டடங்களின் பெரிய செங்கற்களைப் பிற்காலத்தார், சுவரை ஒட்டியே பள்ளம் பறித்து, அடிவரிசை வரையில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போன பிறகு அந்தப் பள்ளம் துண்டுச் செங்கலும் தளர்ந்த மண்ணும் விழுந்து தானே மூடிக்கொண்டது. சுவர் போயிற்று, ஆனால் சுவரின் அகலத்துக்கும் போக்குக்கும் ஏற்பப் பறித்த பள்ளம், கெட்டி மண்ணின் நடுவே நெகிழ்ந்த நாடாவாக நிலைத்துவிட்டது. அந்த நெகிழ்மண்ணைப் பின்தொடர்ந்து சென்றால் அறையும் முற்றமும் மூலையும் காகிதத்தில் விழுகின்றன. சுவரைக் களவாடியவர்களே சுவரின் வரைபடத்தையும் எழுதிவைத்துப் போனார்கள். மேலே கிடைத்த சோழர் காசுகளும் சீனத்துப் பச்சைப் பீங்கான் ஓடுகளும் அவ்வாறு செங்கல் பெயர்க்க வந்தவர்களைச் சார்ந்தவை என்று வீலர் கருதினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி முதலியோர் அங்கே மறுபடியும் அகழ்ந்து, ஊர் வீலர் நினைத்ததைவிட முன்பே தோன்றிப் பின்பும் நெடுங்காலம் நீடித்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். (சுவர்கள் களவுபோன ஹரப்பாவுக்கோ இவ்வளவு பாக்கியமும் இல்லை; லாகூர்–முல்தான் இருப்புப் பாதைக்கு ஏறத்தாழ நூறு மைல் தூரத்துக்குச் சல்லியாகப் போட அந்நகரத்தின் செங்கற்கள் போய்ச் சேர்ந்தன.)

மரம் மக்கினாலும் இதே கதைதான். நட்ட கம்பம் உளுத்துப் போன இடத்தில் மெல்லிய கருமண் இறங்கி நிரம்பி, தரையைச் சீவியதும் வட்ட வட்டமான கறைகளாகத் தோன்றும். அவ்வட்டங்களை இணைத்தால் குடிசை வரும். ஆனால் எலி வளையும் அப்படியே வட்டமாகத்தான் தோன்றும்! ஆகையால் ஆய்வாளர் வட்டம் முழுவதையும் உடனே தோண்டிவிடுவதில்லை. நடுவே ஒரு நூலைப் பிடித்துப் பாதியை மட்டும் செங்குத்தாக வெட்டி எடுத்து, மீதிப் பாதியின் குறுக்குமுகத்தைப் பார்க்கிறார். கம்பக்குழி நேராக இறங்கித் தட்டையாகவோ கூராகவோ முடியும். வளை முழங்கை மடங்கினதுபோல் வளைந்து பக்கவாட்டில் ஓடிவிடும். ஓடிப்போய்ச் சில சமயம் உமியும் நெல்லுமாக ஓர் அறையில் முடியும்.

எலியும் பெருச்சாளியும் நண்டும் கரையானும் அகழ்வோரின் சத்துருக்கள் என்று சொல்லிவிட முடியாது. கரையான் ஈரமின்றி வாழாத பிராணி. ஆழத்து ஈரக் களியை வாயில் சுமந்து மேலே கொண்டுவந்து புற்றெழுப்புகிறது. நிலத்தடி நீரைக் கண்டறிவதற்கான குறிகளைச் சொல்லுமிடத்து வராஹமிஹிரர் மரங்களின் அருகிலுள்ள புற்றுகளைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவது காரணமில்லாமல் அன்று. ஆனால் தோண்டுகிற ஜீவன்களுள் முதன்மையானது நாங்கூழ் என்று நம் முன்னோர் அழைத்த மண்புழுதான் என்பதை நிரூபித்தவர் சார்லஸ் டார்வின். 1842-ஆம் ஆண்டு டிசம்பரில் தம் வீட்டருகேயுள்ள புல்வெளி ஒன்றில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பச் செய்துவிட்டு, ஒரு மனிதன் வேறு எதை எதையோ எழுதிப் புகழடைந்து முதுமை எய்தும் காலம் வரை காத்திருந்து, 1871 நவம்பரில் அங்கே ஒரு பள்ளம் வெட்டிப் பார்த்தார். சுண்ணத் துண்டுகள் தரைக்குக் கீழே 7 அங்குல ஆழத்தில் ஒரு வெண்கோடாக நின்றன. கல் தன் பாரத்தால் இறங்கவில்லை. புழுக்கள் கீழிருந்து மண்ணை விழுங்கி மேலே வந்து கழிக்கக் கழிக்க, அடியில் அவற்றின் வளைகள் இடிந்து அமுங்க, மேலே மண் வளர்ந்தது; கல் இருந்த இடத்திலேயே புதைந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் இவ்வாறு புழுவின் உடல் வழியாக மேலேறுகிறது என்று அவர் கணக்கிட்டார். 1877-இல், அறுபத்தெட்டு வயதில், ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போய் அங்கே விழுந்து கிடக்கும் பெருங்கற்களின் அடியிலும் புழுக்களின் வேலையைத் தேடிப் பார்த்தார். 1881-இல் வெளிவந்த அவருடைய கடைசி நூல் இந்தப் புழுக்களைப் பற்றியது. பழங்காசுகளையும் பழந்தளங்களையும் மூடிக் காத்துத் தந்ததற்காகத் தொல்பொருள் ஆய்வாளர்கள் புழுக்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அதில் அவர் சொல்லுகிறார்.

பிராணிகளின் தயவே இல்லாமல் தன்னைத் தானே தோண்டிக்கொள்ளும் மண்ணும் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் கோடையில் நடந்தவர்கள் அறிவார்கள்: கை நுழையும் அகலத்துக்குப் பிளந்து கிடக்கும் வெடிப்புகளில் கல்லைப் போட்டால், அது தட்டித் தட்டி இறங்கும் ஓசை கேட்கும். மேல்மண்ணும், கால்நடை தட்டிவிட்ட ஓடும், குழந்தை தொலைத்த மணியும் அதனுள் விழுந்துவிடுகின்றன. மழை பெய்ததும் களி உப்பி வெடிப்பு மூடிக்கொள்கிறது. உள்ளே விழுந்ததற்கும் சேர்த்து இடம் வேண்டியிருப்பதால் அடிமண் பக்கவாட்டில் நெருக்குண்டு மேலே தள்ளப்படுகிறது. ஆண்டுதோறும் இப்படி நடந்தால், அங்கே எது மேலடுக்கு, எது கீழடுக்கு? அந்நிலத்தில் ஆழமில்லாத அஸ்திவாரத்தின்மேல் எழுப்பிய வீடு சுவர் வெடிப்பதும் இதே மூச்சினால்தான். அடியில் குடம்போல் அகன்ற தூண்களை, பருவத்துக்குப் பருவம் மண் அசையாத ஆழத்துக்கு, ஏறக்குறைய 3.5 மீட்டர் இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்துவது நம் நாட்டுப் பொறியாளர்கள் கையாளும் பரிகாரம்.

தோண்டுதல் என்பது மண்ணை எடுப்பது மட்டுமாகவே நமக்குத் தோன்றுகிறது. எடுக்கப்படுவது ஒரு பாரமும் ஒரு தாங்கலும்கூட. களியைச் செங்குத்தாக வெட்டினால் சுவர்போல் நிற்கும். சில நாள்கூட நிற்கும். அதைக் கண்டு உள்ளே இறங்கி வேலை செய்கிறவர்கள்மேல் ஒருநாள் அது திடீரென்று சரிகிறது. பக்கத்து மண்ணின் அணைப்பு நீங்கியதும் களி மெல்ல விரிகிறது. விரிகையில் நீரை உறிஞ்சுகிறது. நீர் ஏற ஏற வலிமை இழக்கிறது. ஒரு கனமீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது என்பதை எண்ணிப் பார்த்தால், இடுப்பளவு மண்ணில் அகப்பட்டவர்கள்கூட ஏன் மீளாமல் போகிறார்கள் என்பது விளங்கும். 1914-இல் திறக்கப்பட்ட பனாமா கால்வாய்க்காகக் குலேப்ரா என்னும் மலைமுதுகை வெட்டியவர்கள், இருபுறமும் சரிவதை அள்ளி அள்ளி ஓய்ந்ததல்லாமல், வெட்டி முடித்த அடித்தரையே கண்ணெதிரில் மேலே எழும்புவதையும் கண்டார்கள். இருபுறத்து மலையின் பாரம் அழுத்த, பாரம் நீங்கிய நடு உப்பியது. எங்கள் மேஸ்திரி இவற்றையெல்லாம் படித்தவர் அல்லர்; ஆயினும் வெட்டிய மண்ணைக் குழியின் ஓரத்தில் குவிக்க ஒருநாளும் விட்டதில்லை. கிணற்று மூலையிலும் அவர் கொட்டின மண்ணை நம்பவில்லை. இருபுறமும் கெட்டி மண்ணில் காலூன்றிச் செங்கல் வளைவு ஒன்றைக் கட்டி, சுவர் அந்தக் கிணற்றைத் தாண்டிப் போகும்படி செய்தார்.

வீலர் தம் அகழிடங்களைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சதுரங்களுக்கு நடுவே வரப்புப்போல் மண்ணை வெட்டாமல் விட்டுவைத்தார். ஏரி வெட்டுகிறவர்கள் விடும் திட்டுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே. எடுத்துப்போட்டதற்கு எடுக்காதது சாட்சி. இந்தச் சாட்சி இல்லாத தோண்டலுக்கு உதாரணம் வேண்டுமானால், ஹோமர் பாடிய டிராய் நகரத்தைத் தேடி ஹிஸார்லிக் மேட்டை 1871 முதல் 1873 வரை நடுவாகப் பிளந்த ஹைன்றிக் ஷ்லீமானைச் சொல்லலாம். டிராய் அடியில்தான் இருக்கும் என்று நம்பி அவர் விரைந்து இறங்கினார். டிராயின் மன்னன் பிரியாமின் புதையல் என்று மகிழ்ந்து அவர் எடுத்த பொன், அம்மன்னன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது. தேடிய நகரத்தின் அடுக்குகளை அவர் வழியிலேயே வெட்டித் தள்ளிவிட்டிருந்தார்.

தோண்டிய அடுக்கை மறுபடியும் தோண்ட முடியாது. ஆதலின், எவ்வளவு செழிப்பான மேடாக இருந்தாலும் ஒரு பகுதியைத் தொடாமல் பின்வருவோருக்கு விட்டுவிடுவது இன்று முறையாகிவிட்டது. இதில் பணிவும் உண்டு, கணக்கும் உண்டு. வீலர் அரிக்கமேட்டில் இருந்த ஆண்டில் கரித்துண்டைக் கொண்டு காலம் கணிக்கலாம் என்பது எவருக்கும் தெரியாது; லிபி என்ற விஞ்ஞானி அம்முறையை வெளியிட்டது 1949-இல். வெறும் மணலிலிருந்து காலத்தைப் பெறலாம் என்பதோ அதற்கும் வெகுநாள் கழித்து வந்த வித்தை. மண்ணுக்குள் இயல்பாகவே உள்ள கதிரியக்கம் படிக மணல்மணிக்குள் மின்னணுக்களை இடம்பெயர்த்துச் சிறுகச் சிறுகச் சிறைவைக்கிறது. வெயில் பட்டதும் அச்சிறை காலியாகிவிடும். மீண்டும் புதைந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். குழியின் பக்கச்சுவரில் இரும்புக் குழாய் ஒன்றை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மூடி எடுத்துப்போய், மங்கிய செவ்வொளியுள்ள அறையில் திறந்து, அம்மணலை ஒளியால் தூண்டி, அது உமிழும் சிற்றொளியை அளக்கிறார்கள். அந்த மணல் கடைசியாகச் சூரியனைக் கண்டது எப்போது என்பது தெரிந்துவிடுகிறது. ஒருமுறை வெட்டி வெயிலில் கொட்டிய மணலுக்கு, வெட்டிய நாள்தான் பிறந்த நாள்.

வேலை முடிந்ததும் பள்ளத்தை மூடியாக வேண்டும். ஆடு விழும், மழைநீர் அடுக்குகளைக் கரைக்கும். மூடுவதற்கு முன் அடித்தரையின்மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்புகிறார்கள். சிலர் அவ்வாண்டில் அச்சிட்ட புதுக்காசு ஒன்றையும் போட்டுவைப்பார்கள். எவ்வளவோ காலம் கழித்து எவரேனும் அங்கே மண்வெட்டியோடு இறங்கினால், நாங்கள் இதுவரை வந்திருந்தோம் என்று அது அவருக்குச் சொல்லும். பிறகு வெளியே குவித்த மண்ணை ஆட்கள் உள்ளே தள்ளி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்கிறார்கள். பள்ளம் நிறைந்த பின்னும் ஓரத்தில் கொஞ்சம் மண் மிஞ்சிக் கிடக்கிறது. அதையும் வாரி மேலேயே குவித்து, மழைக்கு அமுங்கட்டும் என்று விட்டுவிட்டு, கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள்.